முத்துத் தோடு அணிந்த பெண்ணை மலையகத் தடுப்புச் சுவரில் வரைதல்

பழைய மேதைகளின் உருவப்படம் ஒன்றைத் தெருச் சுவருக்குக் கொண்டுவர நினைக்கிறவர்கள் பெரும்பாலும் உடையிலிருந்து தொடங்குகிறார்கள். ராணிக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டுவார்கள். பிரபுவின் கையில் கைபேசி கொடுப்பார்கள். பார்த்தவுடன் சிரிப்பு வரும், மறுமுறை பார்க்க அங்கே எதுவும் இருக்காது. நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் பெயர்ப்பலகை எழுதுகிறவன். கடைப் பலகை, திருவிழாப் பதாகை, பாடசாலைச் சுவர் என்று கைக்கு வந்த எல்லா வேலையும் செய்திருக்கிறேன். இந்த வேலைக்கு உயிர் வெளிச்சம்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, முகம் எப்படித் திரும்புகிறது, கண் யாரைப் பார்க்கிறது ஆகிய மூன்றையும் பழைய ஓவியத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் நம் ஊரிடம் விட்டுவிடுங்கள்.

கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாதையோரத்தில், மண் சரியாமல் தாங்கும் தடுப்புச் சுவரில், ஒல்லாந்த ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்' ஓவியத்தை ஒரு கொழுந்து எடுக்கும் பெண்ணாக வரைந்தேன். அதை வைத்தே முறையைச் சொல்கிறேன். உங்களுக்கு வேறு படம் பிடித்திருக்கலாம், வழி மாறாது.

படம்

சுவருக்கு ஏற்ற படத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, பெருவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் முகம் முகமாகத் தெரிந்தால் அது சுவரில் நிற்கும். பட்டும் சரிகையும் நிறைந்த அரண்மனைப் படங்கள் பல இந்தச் சோதனையில் சாம்பல் திட்டாகிவிடும். வெர்மீரின் பெண் தேறுகிறாள். இருண்ட பின்னணி, இடப்பக்கத்திலிருந்து ஒரே ஒளி, தோளுக்கு மேலாகத் திரும்பும் முகம். வேறெதுவும் அங்கே இல்லை.

1665ஆம் ஆண்டளவில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வரையப்பட்ட படம் அது. உயரம் 44.5 சென்ரிமீற்றர், அகலம் 39 சென்ரிமீற்றர். ஒரு பாடசாலைப் பையை விடப் பெரிதில்லை. 1881இல் ஹேக் நகரத்து ஏலத்தில் அந்நாட்டு அன்றைய நாணயத்தில் 2 கில்டருக்கு விலைபோனது. இன்று அதே நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெர்மீர் 1675இல் இறந்தவர்; ஆகவே பதிப்புரிமைச் சிக்கல் கிடையாது. அருங்காட்சியகத்தின் இணையத்தளத்திலேயே பெரிய அளவுப் படத்தை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அஞ்சலட்டைப் படத்தையோ தேடலில் முதலில் கிடைக்கும் படத்தையோ நம்பி நிறம் கலக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் நீலம் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

இந்தப் படத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒல்லாந்தர் மன்னாரைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1658இல். அத்தோடு அந்தக் கடலின் முத்துக்குளிப்பும் அவர்கள் கைக்குப் போனது. ஏழு ஆண்டுகள் கழித்து அவர்களுடைய ஊரில் ஒருவர் ஒரு பெண்ணின் காதில் முத்தை வரைகிறார். அந்த முத்து மன்னார் முத்து என்று நான் சொல்லவரவில்லை. அது கண்ணாடியாகக்கூட இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோர் கப்பலிறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்ததும் அதே மன்னார்க் கரையிலிருந்துதான். 2023இல் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் அந்த வழியைத்தான் மீண்டும் மிதித்தார்கள். நீங்கள் எந்தப் படத்தை எடுத்தாலும் அதற்கும் உங்கள் சுவருக்கும் நடுவே இப்படி ஏதாவது ஒரு தொடர்பைத் தேடிப் பிடியுங்கள். அந்தத் தொடர்பு இல்லாவிட்டால், எவ்வளவு திறமையாக வரைந்தாலும் அச்சடித்து ஒட்டிய படமாகத்தான் தெரியும்.

சுவர்

நம் நாட்டில் 2019இன் கடைசியில் இளைஞர்கள் ஊர் ஊராகச் சுவர்களில் ஓவியம் தீட்டினார்கள். மலையகத்துச் சுவர்களிலும் தீட்டினார்கள். சுவரைத் தயார்செய்யாமல் வரைந்தவற்றை இங்கே மழை அதிக காலம் விட்டுவைக்கவில்லை. 4,000 அடி உயரத்தில் ஒரு சுவர் என்றால் ஈரமும் பாசியும் அதோடு சேர்ந்தே வரும். அதனால் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சுவர் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ, கிடையாக நீண்ட வெடிப்பு இருந்தாலோ தூரிகையை உள்ளே வைத்துவிட்டு கிராம உத்தியோகத்தரிடம் போய்ச் சொல்லுங்கள். மண்சரிவு நம் பக்கத்தில் விளையாட்டல்ல. தடுப்புச் சுவரில் வரிசையாக இருக்கும் வடிகுழாய்களை ஒருபோதும் அடைக்காதீர்கள். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற அவைதான் வழி. அடைத்தால் பின்னால் நீர் தேங்கி, அந்த அழுத்தம் சுவரையே தள்ளிவிடும். ஓவியத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று சாந்து வைத்துப் பூசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. குழாயை வைத்துக்கொண்டே வரையலாம். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

ஈரத்தை அறிய, ஒரு முழ அளவு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் நாடாவால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் உட்பக்கத்தில் நீர்த்துளி கட்டியிருந்தால் சுவருக்குள்ளிருந்து ஈரம் வருகிறது. இன்னும் காயவிட வேண்டும். புதிதாகப் பூசிய சுவரென்றால் சீமெந்து இறுக 28 நாட்களாவது கொடுங்கள்.

பாசிக்கு, வீட்டில் பயன்படுத்தும் வெளுக்கும் திரவம் ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் கலந்து, தேய்த்துப் பூசி, கால் மணி நேரம் விட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அதனோடு அமிலமோ வேறு கழுவும் திரவமோ சேர்க்கக் கூடாது. நச்சு வாயு வரும். வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருந்தால் அதைக் கழுவாதீர்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய் மீண்டும் பூக்கும். உலர்ந்த தூரிகையால் தட்டித் துடையுங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பழைய லயத்துச் சுவர் போலச் சுண்ணாம்பு அடித்த சுவரென்றால், கையால் தடவிப் பாருங்கள். உள்ளங்கை வெள்ளையானால் அந்தச் சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டியே ஆக வேண்டும். பொடியின் மேல் அடித்த எமல்ஷன் தோல் தோலாக உரியும்.

பிறகு காரத்தைத் தாங்கும் சுவர்ப் பிரைமர் ஒரு பூச்சு. அது காய்ந்ததும் வெளிச்சுவர் எமல்ஷன். பளபளப்பில்லாத ரகம்தான் வேண்டும். பளபளப்பானதில் வானம் பிரதிபலித்து, பாதையின் ஒரு முனையிலிருந்து பார்த்தால் முகமே தெரியாது.

எந்தக் காலத்தில் வரைவது என்பதை மலையின் பக்கம் தீர்மானிக்கும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய மேற்குச் சரிவுகளில் தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்கள்தான் மழை. அங்கே ஆடி, ஆவணியில் வரையுங்கள். எந்த மாதமானாலும் காலை 9 மணிக்கு முன் தொடங்க வேண்டாம், சுவரில் பனி இருக்கும். பிற்பகல் 3 மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் நிறுத்திவிடுங்கள். வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போனால் எமல்ஷன் சரியாகப் படலம் கட்டாது. தை மாதத்து நுவரெலியா இரவில் அது சாதாரணம்.

அனுமதி

சுவர் யாருடையது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிரதான வீதியோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, ஊர்ப் பாதை என்றால் பிரதேச சபை அல்லது நகர சபை, தோட்டத்துக்குள் என்றால் தோட்ட நிர்வாகம். கடிதத்தோடு சிறிய வண்ண மாதிரியையும் இணைத்துக் கொடுங்கள். கையொப்பமிட்ட பிரதியைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். சுவருக்கு எதிரே குடியிருப்பவர்களிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவது எந்தக் கடிதத்துக்கும் குறைந்ததல்ல. அந்த முகத்தைத் தினமும் பார்க்கப்போகிறவர்கள் அவர்கள்.

உட்காருகிறவர்

வெர்மீரின் பெண் யாரென்று யாருக்கும் தெரியாது. அது ஒருவரைச் சொல்லி வரைந்த உருவப்படமும் அல்ல. ஒரு முகபாவத்தையும் உடையையும் காட்டுவதற்காக வரையும் 'ட்ரோனி' என்ற வகை. நம் சுவரில் இருக்கிறவர் அப்படி ஊர் பேர் இல்லாதவராக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலாச் சுவரொட்டிகளிலும் நம் பெண்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயரில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் 'கொழுந்து பறிக்கும் பெண்' படத்தை எடுத்து வரையாதீர்கள். ஒருவரைத் தேடிப் போங்கள், விளக்கிச் சொல்லுங்கள், அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவரென்றால் பெற்றோரிடமும் கேளுங்கள். வரைந்து முடித்த பின் அவருக்குப் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள்.

எனக்கு உட்கார்ந்தவர் எங்கள் தோட்டப் பிரிவில், அதாவது டிவிஷனில், நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மலையில் கொழுந்து எடுத்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறார். வெர்மீரின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளையை யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், திரும்பிப் பார்க்கிறது" என்றார். படத்தைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடச் சரியானது எதுவும் இல்லை. மாதிரியாக உட்காருகிறவரிடம் 'இப்படிப் பாருங்கள், அப்படிப் பாருங்கள்' என்று சொல்லாதீர்கள். அவர் வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அந்தத் திரும்புதல்தான் நமக்கு வேண்டியது.

வெளிச்சத்துக்கு எங்கேயும் அலைய வேண்டாம். லயத்துக் காம்பராவை, அதாவது லயத்து அறையை விட நல்ல ஓவியக்கூடம் கிடையாது. வாசல் ஒன்று, ஒளி அது வழியாக மட்டும் வருகிறது, பின்சுவர் விறகடுப்புப் புகை படிந்து கறுத்திருக்கிறது. வாசல் உங்கள் இடப்புறம் இருக்கும்படி நில்லுங்கள். அவரை வாசலைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். அவருடைய இடப்பக்கம் உங்களை நோக்கி இருக்கும். கூப்பிட்டதும் இடத் தோளுக்கு மேலாகத் திரும்புவார். மின்விளக்கை அணைத்துவிடுங்கள், கைபேசியின் ஃப்ளாஷ் வேண்டாம். வெயில் நேராக அடிக்கும் நேரத்தை விட, மேகம் மூடிய முற்பகல் நல்லது. கன்னத்தில் நிழல் மெதுவாக இறங்கும். நிறையப் படமெடுத்து, கண் உங்களைச் சந்திக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிரிக்கச் சொல்லாதீர்கள்.

கட்டமும் காதும்

மூலப்படத்தின் 39க்கு 44.5 என்ற விகிதம் 7 அடிக்கு 8 அடியோடு ஏறக்குறையச் சரியாகப் பொருந்தும். எடுத்த புகைப்படத்தை அந்த விகிதத்தில் வெட்டி, ஏ3 தாளில் 28 சென்ரிமீற்றர் அகலம், 32 சென்ரிமீற்றர் உயரமாக அச்சிடுங்கள். அதில் 4 சென்ரிமீற்றர் கட்டங்கள் போட்டால் சுவரில் ஒவ்வொன்றும் 1 அடி. மொத்தம் 56 கட்டம். கண், மூக்கு, வாய் விழும் கட்டங்களை மட்டும் மேலும் நான்காகப் பிரியுங்கள். சுவரில் நீலத்தூள் தடவிய நூலை இழுத்துக் கட்டி அடித்தால் கோடு விழும். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம்.

ஆனால் நூல் அடிப்பதற்கு முன் குழாயைப் பாருங்கள். 2014இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தெரு ஓவியர் பேங்க்ஸி இதே வெர்மீர் பெண்ணை ஒரு கட்டடத்தின் சுவரில் வரைந்தபோது, அங்கே ஏற்கெனவே பொருத்தியிருந்த மஞ்சள் எச்சரிக்கை மணிப் பெட்டியைக் காதணியாக்கிவிட்டார். தெரு ஓவியத்துக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. சுவரில் இருப்பதை மறைக்காமல் அதற்கு வேலை கொடுத்திருக்கிறார். அந்தப் பெட்டியை நாம் திரும்ப வரைந்தால் அது அவருடைய படத்தின் நகல். நம் சுவரில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம்மிடம் வடிகுழாய் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த பின்னும் அதன் வாயில் ஒரு துளி நீர் திரண்டு, பருத்து, விழுந்து, மறுபடி திரளும்.

அந்தத் துளிதான் தோடு என்று முடிவுசெய்தேன். குழாயை நகர்த்த முடியாது. ஆகவே கட்டம்தான் அதற்கு இசைய வேண்டும். மூலத்தில் முத்து நடுவுக்குச் சற்று வலப்புறமாக, உயரத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே தொங்குகிறது. உங்கள் அச்சுத்தாளில் காதுமடலின் அடி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று குறியுங்கள். சுவரில் அந்தக் கட்டத்தைக் குழாய் வாயின் மேல் வைத்து, அங்கிருந்து நான்கு திசையிலும் அளந்துகொண்டு போங்கள். குழாய் தரையிலிருந்து 4 அடிக்குச் சற்று மேலே இருந்தால் படத்தின் அடி விளிம்பு தரைக்கு 1 அடி மேலே நிற்கும். அது நல்லதுதான், பஸ் போகும்போது தெறிக்கும் சேறு அந்த 1 அடிக்குள் அடங்கிவிடும்.

குழாய்க்குக் கீழே பாசி பிடிக்குமே என்று கேட்பீர்கள். பிடிக்கும். மூலப்படத்தில் முத்து தொங்குவது கழுத்தின் நிழலில். ஒளி இடப்புறம், முத்து வலப்புற இருட்டில். ஆகவே குழாயிலிருந்து வழியும் பச்சை, நீங்கள் எப்படியும் இருட்டாக்க வேண்டிய இடத்திலேயே வழிகிறது. ஒரு பருவமழைக்குப் பிறகு என் பெரியம்மாவின் கழுத்து நிழல் நான் தீட்டியதை விட ஆழமாகத்தான் ஆகியிருக்கிறது.

நிறம்

ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் நிறச்சாயங்களில் செங்காவி, மஞ்சட்காவி, கறுப்பு ஆகியவை இரும்பு ஆக்சைடால் ஆனவையாக இருந்தால் வெயிலுக்கும் மழைக்கும் மங்காது. பளீரென்ற மலிவுச் சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் சீக்கிரம் வெளிறும். அவற்றைச் சின்ன இடங்களுக்கு மட்டும் வையுங்கள். நீலத்தில் 'பிரஷ்ஷியன்' நீலம் வேண்டாம், சீமெந்தின் காரம் அதைத் தின்றுவிடும். 'தாலோ' நீலம் தாங்கும்.

நம் தோலின் நிறத்தை வெர்மீரின் இளஞ்சிவப்பில் கறுப்பைக் கலந்து பெற முடியாது. அப்படிக் கலந்தால் சாம்பல் பூத்த முகம்தான் கிடைக்கும். செங்காவி இரண்டு பங்கு, மஞ்சட்காவி ஒரு பங்கு, தூரிகை நுனியில் எடுத்த அளவு நீலம். இது நடுநிறம். நிழலுக்குச் செங்காவியையும் நீலத்தையும் கூட்டுங்கள், கறுப்பு வேண்டாம். ஒளிப் பகுதிக்கு மஞ்சட்காவியும் வெள்ளையும். உச்ச ஒளிக்கு மட்டும் வெள்ளையில் ஒரு துளி நீலம். கறுத்த தோலில் மூடுபனி நாளின் வானம் சற்று நீலமாகத்தான் விழும்; நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் நன்றாகப் பாருங்கள், தெரியும். வெள்ளை ஒளி வெள்ளைத் தோலில் கரைந்துவிடும், நம் தோலில் அது கூர்மையாக நிற்கும். இது நமக்குச் சாதகம்.

பின்னணியைக் கறுப்பாக அடிக்க வேண்டாம். 2018இல் மௌரிட்ஸ்ஹவுஸில் படத்தைக் கருவிகளால் ஆராய்ந்தபோது, இன்று வெறும் இருட்டாகத் தெரிகிற பின்னணியில் வெர்மீர் ஒரு பச்சைத் திரைச்சீலையை வரைந்திருந்தார் என்றும், காலப்போக்கில் அந்தப் பச்சை மங்கிப்போனது என்றும் தெரியவந்தது. நமக்கு இதைவிட என்ன வேண்டும்? முற்றிய தேயிலை இலையின் கரும்பச்சையை அடியுங்கள். கறுப்பில் பச்சையும் சிறிது செங்காவியும் கலந்தால் கிடைக்கும். மூடுபனியில் கறுப்பு சாம்பலாகித் தட்டையாகத் தெரியும். கரும்பச்சை ஆழமாகவே தெரியும்.

இன்னொன்று. மூடுபனி எல்லா நிறங்களையும் ஒன்றையொன்று நெருங்கச் செய்துவிடும். ஆகவே தாளில் சரியாகத் தோன்றும் ஒளி நிழல் வேறுபாட்டைச் சுவரில் ஒரு படி கூட்டி வையுங்கள். நிழலை இன்னும் இருட்டாக, ஒளியை இன்னும் வெளிச்சமாக.

முகம்

வெர்மீர் முதலில் பழுப்பிலும் கறுப்பிலும் ஒளி நிழலை அமைத்துவிட்டுத்தான் நிறத்துக்கு வந்தார் என்று அதே ஆய்வு சொல்கிறது. நாமும் அப்படியே. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் முகத்தில் மூன்று திட்டுகள்தான் இருக்கும். நிழல், நடு, ஒளி. ரோலராலும் பெரிய பிரஷ்ஷாலும் அந்த மூன்றையும் முதல் நாளே போட்டுவிடுங்கள். கண்ணிமையைத் தேடிப் போகாதீர்கள். பாதையின் மறுபக்கம் போய் நின்று பாருங்கள். மூன்று திட்டிலேயே ஆள் அடையாளம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நுணுக்கம் அதைக் காப்பாற்றாது.

பலகை எழுதுகிற எங்களுக்குக் கோடு கைப்பழக்கம். விளிம்பை எழுதி உள்ளே நிரப்புவோம். இந்த முகத்துக்கு அது உதவாது. வெர்மீரின் பெண்ணின் மூக்கைக் கிட்டத்தில் பாருங்கள். மூக்குத்தண்டுக்கும் அப்பால் உள்ள கன்னத்துக்கும் நடுவே கோடே இல்லை. இரண்டும் ஒரே ஒளியில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மூக்கு இருப்பதை நம் கண்ணே ஊகித்துக்கொள்கிறது. சுவரிலும் அந்த இடத்தில் கோடு போடாதீர்கள். கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

நடுவுக்கும் ஒளிக்கும் இடையிலான மெல்லிய மாற்றத்துக்கு, கார்களுக்கு அடிக்கும் ஸ்பிரே டின் நல்லது. சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் வீசி அடியுங்கள். ஆவி வடிகட்டும் முகமூடி கட்டாயம். துணி மாஸ்க் போதாது. காற்றுள்ள நாளில் வேண்டாம். ஸ்பிரே வாங்க முடியாவிட்டால் ஈரம் பிழிந்த கடற்பஞ்சால் ஒற்றியே இதைச் செய்யலாம், நேரம்தான் கூடுதல்.

உச்ச ஒளிகளைக் கடைசி நாளுக்கு வையுங்கள். இரு கண்களிலும் ஒவ்வொரு புள்ளி, கீழுதட்டில் ஒரு ஈரம். 1994இல் படத்தைச் சுத்தம்செய்து சீரமைத்தபோது வாய் ஓரத்தில் ஒரு சிறு ஒளிப்புள்ளி வெளிப்பட்டது. அந்த ஒரு புள்ளியால்தான் வாய் ஏதோ சொல்ல வருவதுபோல் இருக்கிறது. அதை மறக்காமல் வையுங்கள். 8 அடிச் சுவரில் அது ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக வேண்டியதில்லை.

தலைத்துணியும் தோடும்

வெர்மீர் தலைத்துணிக்குப் பூசிய நீலம் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் கல்லை அரைத்து எடுத்தது. அக்காலத்தில் விலை மிகுந்த நிறம். நம் ஊரில் தலையில் ஏறும் நீலம், மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பொலித்தீன். நான் அதைத்தான் வரைந்தேன். அடியில் கூடைக் கயிறு அழுத்தாமலிருக்க மடித்து வைக்கும் மஞ்சள் துவாய், மேலே நீலப் பொலித்தீன். மூலத்தின் நீலமும் மஞ்சளும் இடம் மாறாமல் கிடைத்துவிட்டன. துணியின் மடிப்பு மென்மையாக இறங்கும். பொலித்தீனின் மடிப்பு உடைந்து உடைந்து இறங்கும். ஒவ்வொரு முறிவிலும் ஒரு வெள்ளைக் கீற்று, அதை ஒட்டியே கருநீலம், இடையில் மாற்றமே இல்லாமல். நாடா ஒட்டி விளிம்பு வெட்டி அடித்தால் அந்தக் கூர்மை வரும். முகத்தின் மென்மைக்குப் பக்கத்தில் இந்தக் கரடுமுரடு இருக்கும்போதுதான் படம் இந்தக் காலத்துப் படமாகிறது.

முத்தில் வெர்மீர் செய்திருப்பது மிகக் குறைவு. மேலே ஒரு கெட்டியான வெள்ளைத் தீற்றல், கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டியின் மங்கலான பிரதிபலிப்பு. கொக்கிகூடக் கிடையாது. நான் குழாயின் வெளி விளிம்பில் மேல் இடப்பக்கமாக ஒரு வெள்ளைப் பிறை, அடியில் ஒரு மெல்லிய சாம்பல் வளைவு, அவ்வளவுதான் வைத்தேன். குழாயின் உட்பக்கத்தில் பெயின்ட் படக் கூடாது. மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாத நாட்களில் அந்த இடம் வெறும் ஓட்டையாகத் தெரியும். அதுவும் எனக்குச் சம்மதமே. தோட்டை அடகு வைத்துவிட்டு, துளை தூர்ந்துபோகாமலிருக்க ஈர்க்குக்குச்சி செருகிக்கொண்டு மலைக்குப் போன பெண்களை இந்தச் சுவருக்கு எதிரே குடியிருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

எழுத்து

தோள் பகுதியில் எழுத்து வைக்க ஸ்டென்சில் வெட்டுங்கள். பழைய எக்ஸ்ரே படலம் இதற்கு அருமையானது. வளையும், கிழியாது, பல முறை பயன்படும். வெளுக்கும் திரவம் கலந்த நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பு நீங்கிக் கண்ணாடி போலாகிவிடும். அடியில் வைத்த எழுத்து தெரியும், கத்தியால் அப்படியே வெட்டலாம். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். ட, ப போன்றவை தொல்லை தராது. ம, ழ, ணி வெட்டும்போது உள்வட்டம் கழன்று விழாமலிருக்க இரண்டு இடத்தில் பாலம் விடுங்கள்.

தோட்டப் பதிவேட்டில் தொழிலாளிக்குக் கொடுக்கும் செக்ரோல் எண்ணை எழுதலாமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "அதைத்தான் காலமெல்லாம் கூப்பிட்டார்கள் தம்பி, பெயரைப் போடு" என்றார். போட்டேன். சுவரில் இருக்கிறது, இங்கே அதை எழுத அவரிடம் அனுமதி வாங்கவில்லை. கீழே ஓரத்தில் சிறிய எழுத்தில் 'வெர்மீர், 1665ஆம் ஆண்டளவு' என்றும் எழுதினேன். யாரிடமிருந்து எடுத்தோமோ அவருடைய பெயர் சுவரில் இருக்க வேண்டும்.

முடித்த பின்

மேலே வார்னிஷ் பூசச் சொல்வார்கள். தடுப்புச் சுவருக்கு வேண்டாம். பின்னால் மண் இருப்பதால் ஈரம் எப்போதும் வெளியே வர முயலும். மூடினால் படலத்துக்கு அடியில் தேங்கி வெள்ளை பூத்து, படத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். வீட்டுச் சுவர், பாடசாலைச் சுவர் என்றால் பளபளப்பில்லாத வெளிச்சுவர்ப் பூச்சு ஒரு கை பூசலாம்.

மிஞ்சிய நிறங்களைக் கொட்டிவிடாதீர்கள். நடுநிறம், நிழல், ஒளி, கரும்பச்சை நான்கையும் தனித்தனி ஜாம் போத்தலில் இறுக மூடி, கலவைப் பங்கை மூடியில் எழுதி ஒட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, மழை முடிந்து சுவர் காய்ந்ததும், மென்மையான தூரிகையால் பாசியைத் துடைத்து, உதிர்ந்த இடங்களை அந்தப் போத்தல்களிலிருந்தே தொட்டுவிடலாம். கழுத்து நிழலில் இறங்கும் பச்சையை மட்டும் துடைக்காதீர்கள். குழாய்க்குள் வேரோ இலைச்சருகோ அடைத்திருந்தால் ஒரு மெல்லிய கம்பியால் குத்தி எடுத்து, தண்ணீர் தடையில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். ஓவியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சுவருக்கு அது தேவை.